ஒரே வியர்வை, எதிரெதிர் மருந்து: செந்தேளும் பூச்சிமருந்தும்

இரவு டியூட்டியில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுமளவு வியர்த்து, வாந்தி எடுத்துக்கொண்டு, கடைவாயில் எச்சில் வழிய ஒருவரைத் தூக்கிவந்தால், கிராமத்துப் பக்க மருத்துவமனையில் முதலில் நினைவுக்கு வரவேண்டியவை இரண்டு. செந்தேள் ஒன்று, பூச்சிமருந்து மற்றொன்று. இரண்டும் கைவைப்பது ஒரே இடத்தில்தான்: நம் விருப்பத்தைக் கேட்காமல் இதயத்தையும் குடலையும் கண்மணியையும் நடத்துகிற தானியங்கு நரம்பு மண்டலம். ஆனால் பூச்சிமருந்துக்காரரைக் காப்பாற்றுகிற அட்ரோபின், தேள் கொட்டிய பிள்ளைக்குக் கேடு செய்யும். வியர்வையைப் பார்த்து மருந்தெடுத்தால் பாதி நேரம் தப்பாகவே போகும்.

ஏன் என்பதற்குப் பள்ளிப் பாடத்துக்கே போகவேண்டும். இந்த மண்டலத்தில் எதிர்ப்பரிவு, பரிவு என்று இரண்டு அணி. எதிர்ப்பரிவு நரம்பின் நுனியில் சுரப்பது அசிட்டைல்கோலின். எச்சில், கண்ணீர், மூச்சுக்குழாய்ச் சளி, குடலசைவு எல்லாம் அதன் கணக்கில் வரும். கண்மணியைச் சுருக்குவதும் நாடியைக் குறைப்பதும் அதுதான். அட்ரோபின் தடுப்பது இதன் வேலையைத்தான். பரிவு நரம்பின் நுனியில் சுரப்பது நார்அட்ரினலின். அது நாடியை ஏற்றும், ரத்தக்குழாயை இறுக்கும், கண்மணியை விரிக்கும். இதில் ஒரே ஒரு குறும்பு வியர்வைச் சுரப்பி. அதற்குப் போவது பரிவு நரம்பு, ஆனால் நுனியில் விடுவது அசிட்டைல்கோலின். அதனால் இரண்டு அணியில் எது எகிறினாலும் வியர்வை கொட்டும். தேளிலும் கொட்டும், பூச்சிமருந்திலும் கொட்டும், சர்க்கரை இறங்கினாலும் மாரடைப்பிலும் கொட்டும்.

ஆகவே வியர்வையை விட்டுவிட்டுக் கால் விரலைத் தொடுங்கள். நம் புறங்கையால், நோயாளியின் கட்டைவிரலில் தொடங்கி முழங்கால் வரை மேலே வாருங்கள். கணுக்கால் வரை பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்து, அதற்கு மேல் சூடு தொடங்கினால், ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன என்று பொருள். அது பரிவு நரம்பின் கைவரிசை. தேள் பக்கம் சாய்க்கும். அடுத்து டார்ச் அடித்துக் கண்மணி. ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து. மூன்றாவது மார்பு. பூச்சிமருந்தில் மூச்சுக்குழாய் முழுக்கத் தண்ணீரும் இறுக்கமும் சேர்ந்து விசிலும் கொறகொறப்பும் எல்லா இடத்திலும் கேட்கும். நான்காவது தசை. நெஞ்சு, புஜம், ஆடுசதை இங்கெல்லாம் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடித்தால் அது பெரும்பாலும் பூச்சிமருந்துதான். கரைப்பானின் மண்ணெண்ணெய் வாடையோ பூண்டு வாடையோ அடித்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

இந்த அடையாளங்களும் சில நேரம் பொய் சொல்லும். பூச்சிமருந்தில் அசிட்டைல்கோலின் நரம்புமுடிச்சுகளையும் அட்ரினல் சுரப்பியையும் தூண்டுவதால், ஆரம்பத்தில் நாடி 120 ஓடலாம், கண்மணி விரிந்தும் இருக்கலாம். தேளிலும் முதல் சில நிமிடங்களில் எச்சிலும் குறைந்த நாடியுமாக எதிர்ப்பரிவு ஆட்டம் ஆடும். ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள். ஐந்தையும் பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

செந்தேள்

பெரிய கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். முன்பக்க இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். இடுக்கி மெலிந்து வால் தடித்திருப்பதுதான் ஆபத்தான ஜாதி. செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டன்டாட்டா தமுலஸ். தமிழ் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இதே இனம் இருக்கிறது.

இதன் விஷம் நரம்பின் சோடியம் வாய்களைச் சாத்தவிடாமல் பிடித்துவைக்கிறது. திறந்த குழாய்போல நரம்புநுனியில் சேமித்திருந்தது எல்லாம் கொட்டும். முதலில் அசிட்டைல்கோலின்: வாந்தி, வியர்வை, எச்சில். இது சீக்கிரம் ஓய்ந்துவிடும். பிறகு நார்அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாய் வரும். கைகால் குளிரும், பிபி ஏறும், நாடி பறக்கும். இறுகிய குழாய்களுக்கு எதிராக இதயம் தள்ளித் தள்ளிக் களைத்துப்போனால் நுரையீரலில் நீர் கோக்கும். பிள்ளை உட்கார்ந்துகொண்டு இருமும், மூக்கில் நுரை வரும். குளுக்கோமீட்டரில் 250 என்று காட்டினாலும் திடுக்கிடவேண்டாம். நார்அட்ரினலினை வாங்கிக்கொள்கிற ஆல்ஃபா ஏற்பிகள் கணையத்தில் இன்சுலினை அமுக்கிவைத்திருப்பதன் விளைவு அது.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்று சொல்வோமே, கேஷுவாலிட்டியில் அது வேறு அர்த்தத்தில் உண்மை. வலியில் கதறுகிறவருக்குப் பல நேரம் கடித்த இடத்தோடு சரி. சத்தமில்லாமல், வலி அதிகம் என்று சொல்லாமல், சில்லிட்ட கையோடு வியர்த்துக் கிடக்கிற பிள்ளைதான் கவலைக்குரியது. வரிசையில் கத்துகிறவரை முதலில் பார்ப்பது இயல்பு. இங்கே அந்த இயல்பை அடக்கவேண்டும்.

இதற்கான மருந்தைக் கண்டடைந்தவர் கொங்கண் கரையில் மஹாட் ஊரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். 1961 முதல் 1983 வரை மேற்கிந்தியாவில் தேள்கடியில் நுரையீரல் நீர்கோத்து 25–30 சதவீதம் பேர் இறந்தார்கள் என்றும், பிரசோசின் வந்த 1984க்குப் பிறகு அது 1 சதவீதத்துக்கு இறங்கியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிரசோசின் புது மருந்தல்ல, விலை உயர்ந்ததுமல்ல. பிபி மாத்திரை, அவ்வளவுதான். ரத்தக்குழாயில் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பியை அடைத்துப் பூட்டைத் தளர்த்துகிறது. நரம்புநுனியில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பியைத் தொடுவதில்லை. அந்த ஆல்ஃபா-2 நார்அட்ரினலின் வெளியேறுவதைக் குறைக்கிற பிரேக். பிரேக்கை விட்டுவைத்துப் பூட்டை மட்டும் திறப்பதால்தான், இரண்டையும் அடைக்கிற பழைய ஃபென்டலமைனைவிட இது தோதாக இருக்கிறது. கணையத்தின் அமுக்கமும் விலகும்.

அளவு: கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், வாய்வழி. பெரியவர்களுக்கு 500 மைக்ரோகிராம் முதல் 1 மி.கி. வரை. சிக்கல் எப்போதும் குழந்தைக்கு அளந்து கொடுப்பதில்தான். சாதாரண 1 மி.கி. மாத்திரையைப் பொடித்து, 10 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் கலக்குங்கள். 1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம். 10 கிலோ குழந்தைக்கு 3 மி.லி., 12 கிலோவுக்கு 3.6 மி.லி. மருந்து முழுதாகக் கரையாது, அடியில் மாவாகத் தங்கும். குலுக்கிய கையோடு உறிஞ்சாவிட்டால் குழந்தைக்குப் போவது வெறும் தண்ணீர், கிண்ணத்தில் மிஞ்சுவதுதான் மருந்து. விடாமல் வாந்தி எடுத்தால் மூக்குக்குழாய் வழியாகக் கொடுங்கள்.

மருந்துக்கடையில் பிரசோசின் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் எக்ஸ்எல் என்று போட்ட 2.5 அல்லது 5 மி.கி. மாத்திரை. மெல்ல மெல்ல நாள் முழுக்க மருந்தை விடுவதற்காகச் செய்தது அது. உடைக்கவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. முழுதாகக் கொடுத்தால் தேவைப்படும் நேரத்துக்குள் வேலை செய்யாது, பொடித்தால் அளவு கையை மீறும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் அவசர அலமாரியில் சாதாரண மாத்திரை ஒரு அட்டை இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று சித்திரை பிறக்குமுன் பார்த்துவைப்பது நல்லது. வெயில் உச்சத்திலும் முதல் மழையிலும்தான் தேள் வெளியே அதிகம் வரும்.

மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்துத் தேவையெனில் மறுபடி அதே அளவு, பிறகு ஆறு மணிக்கொரு முறை. எப்போது நிறுத்துவது? பிபி எண்ணைப் பார்த்தல்ல. கால் சூடாகி, தோல் உலர்ந்து, புறங்கையில் ரத்தநாளம் பச்சையாய்த் தெரிய ஆரம்பித்ததும். பிபி, நாடி, மூச்சு மூன்றையும் முதல் 3 மணி நேரம் அரைமணிக்கொரு தடவை, அடுத்த 6 மணி நேரம் மணிக்கொரு தடவை, பிறகு 4 மணிக்கொரு தடவை எழுதுங்கள். அந்தத் தாளில் கால் சூடா குளிரா என்று ஒரு கட்டமும் போடுங்கள். அச்சடித்த சார்ட்டில் அது இருப்பதில்லை.

முதல் டோஸுக்குப் பிறகு படுக்கையிலேயே இருக்கவேண்டும். பிரசோசின் முதல் தடவை பிபியைத் தடாலென்று இறக்கும், எழுந்து நின்றால் மயக்கம் வரும். இது தெரிந்த டாக்டரும் சிஸ்டரும்கூடத் தவறவிடுவது எங்கே என்றால், அம்மாவின் தோளில். அழுகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பார்கள். அதுவும் நிற்க வைப்பதற்குச் சமம்தான். மடியில் கிடத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் போகவும் படுக்கையிலேயே பாத்திரம் வையுங்கள். வியர்வையிலும் வாந்தியிலும் இழந்த நீரை ஓஆர்எஸ் கரைசலாக வாய்வழி கொடுத்துக்கொண்டே இருந்தால் இந்த இறக்கமும் குறையும்.

பிபி இறங்கினால் உடனே காலைத் தொடுங்கள். கால் சூடாக இருந்து பிபி குறைந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, குழாய் விரிந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் போதவில்லை. காலை உயர்த்தி நீர் கொடுத்தால் சரியாகும். கால் குளிர்ந்தே இருந்து பிபி குறைந்தால் இதயம் தள்ளமுடியாமல் நிற்கிறது. அங்கே டிரிப்பை வேகமாக ஓட்டுவது நுரையீரலை மூழ்கடிப்பது. இதயத்தின் தள்ளுவிசையைக் கூட்டுகிற டோபுட்டமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 முதல் 15 மைக்ரோகிராம், ஆக்சிஜன், ஐசியூ. இது பெரிய மருத்துவமனைக்கான வேலை. ஆனால் முதல் டோஸ் பிரசோசினைக் கொடுத்து, நேரத்தைச் சீட்டில் எழுதி 108இல் ஏற்றுவது சின்ன ஊரிலேயே நடக்கவேண்டியது.

வெறும் வலி மட்டும் இருந்தால் பிரசோசின் வேண்டாம், முன்னெச்சரிக்கை என்ற பெயரிலும் வேண்டாம். ஐஸ் வையுங்கள், பாரசிட்டமால் கொடுங்கள். தாங்காவிட்டால் மரத்துப்போகச் செய்கிற 2 சதவீத லிக்னோகெய்னைக் கடித்த இடத்தைச் சுற்றியோ விரலின் அடியிலோ போடுங்கள். கிலோவுக்கு 3 மி.கி.க்குள் நிற்கவேண்டும். 2 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி.; 10 கிலோ பிள்ளைக்கு உச்சவரம்பு ஒன்றரை மி.லி. குப்பியின் லேபிளைப் படியுங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னும் அதே அலமாரியில்தான் இருக்கும். ஏற்கெனவே அட்ரினலின் வெள்ளத்தில் இருக்கிற உடம்புக்கு, அதுவும் விரலுக்கு, அதைப் போடக்கூடாது.

தேள்கடியில் கைக்குப் பழகிய சில மருந்துகள் நிஜமாகவே கெடுதல் செய்யும். எச்சிலும் வியர்வையும் பார்த்துப் போடுகிற அட்ரோபின், சீக்கிரம் தானாகவே ஓய்ந்துவிடப்போகிற எதிர்ப்பரிவு பக்கத்தை அடைத்து, பரிவு பக்கத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் செய்துவிடும். பிபியும் நாடியும் இன்னும் ஏறும். நாடி 160 ஓடுகிறதே என்று நாடியைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் போட்டால், களைத்த இதயத்தின் கடைசி ஊன்றுகோலைப் பிடுங்குகிறோம், ஆல்ஃபா இறுக்கமோ அப்படியே நிற்கிறது. நிஃபெடிபைன் என்கிற பிபி மருந்து நாடியை ஏற்றி இதயத்தைத் தளர்த்தும். ஸ்டீராய்டு ஊசியால் பயனில்லை. ஆனால் 'ஏதாவது ஊசி போடுங்கள்' என்கிற நெருக்கடியில் அதிகம் போடப்படுவது அதுதான்.

விஷமுறிவு மருந்து கிடைத்தால் நல்லது. 2011இல் பாவஸ்கர் தம்பதியர் வெளியிட்ட ஆய்வில், விஷமுறிவோடு பிரசோசினும் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் தேறினார்கள். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர்தான், மற்றவர்களுக்கு இன்னும் நேரம் பிடித்தது. ஆனால் கொட்டித் தீர்ந்த நார்அட்ரினலினை விஷமுறிவு திரும்பப் பிடிக்காது. அது வரும்வரை பிரசோசினை நிறுத்திவைக்கவும் கூடாது. வீட்டில் செய்கிற புளியங்கொட்டை உரசி ஒட்டுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது இவற்றில் கட்டு ஒன்றுதான் நேரடியாகக் கெடுதல். மற்றவை தின்பது நேரத்தை.

பூச்சிமருந்து

ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள், டியூட்டியில் ஓபி என்று சொல்வோமே அவை, அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியை முடக்குகின்றன. சுரந்தது கரையாமல் தேங்குகிறது. மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்கள் மட்டுமல்ல, கசிகிற கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து, நனைந்த சட்டையோடு நண்பகல்வரை வயலில் நின்றவரும் இப்படி வருவார். அவரைத் தலைச்சுற்றல், வெயில் என்று ஓஆர்எஸ் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. கண்மணியைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

பூச்சிமருந்து என்று சொல்லி வருவதெல்லாம் ஓபி அல்ல. களைக்கொல்லி உண்டு, பைரித்ராய்டு என்கிற வேறு வகைப் பூச்சிக்கொல்லி உண்டு, எலி பேஸ்ட் உண்டு. இவற்றுக்கு அட்ரோபின் மருந்தல்ல. பாராகுவாட் என்கிற களைக்கொல்லியில் ஆக்சிஜனே அளந்து கொடுக்கவேண்டியது. அதனால் உறவினரில் ஒருவரைத் திருப்பி அனுப்பிக் காலி பாட்டிலை எடுத்துவரச் சொல்லுங்கள், அல்லது லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வணிகப்பெயர் போதாது, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர்தான் வேண்டும். பாட்டில் கிடைக்காமல் சந்தேகம் நீடித்தால் அட்ரோபின் ஒரு ஆம்பியூல், 0.6 மி.கி., போட்டுப் பாருங்கள். உடனே வாய் உலர்ந்து, முகம் சிவந்து, நாடி முன்பைவிட 20க்கு மேல் கூடினால் கணிசமான ஓபி நஞ்சு இல்லை. ஒன்றுமே நடக்காததுபோல இருந்தால் உள்ளே அசிட்டைல்கோலின் நிறைய இருக்கிறது.

கொல்வது பெரும்பாலும் மூச்சு. மூச்சுக்குழாயில் நீர் நிறைந்து, மூளையின் சுவாச மையம் தளர்ந்து, கூடவே மூச்சுத்தசையும் சோர்ந்துபோகிறது. வயிற்றைக் கழுவுவதில் முதல் அரைமணி நேரத்தைச் செலவழிப்பது பழைய பழக்கம். முதலில் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து வாயை உறிஞ்சி எடுங்கள், ஆக்சிஜன் வையுங்கள், அட்ரோபின் தொடங்குங்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அட்ரோபினைத் தாமதிக்கவும் வேண்டாம். வரும் வழியில் உப்புத்தண்ணீரோ சோப்புத்தண்ணீரோ சாணிக்கரைசலோ புகட்டி வாந்தி எடுக்க வைத்திருந்தால், கரைப்பான் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்ரோபினை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 'இரண்டு ஆம்பியூல், கால்மணிக்கொரு தடவை' என்று சீட்டில் எழுதிவிட்டுப் போவது வழக்கம். தேங்கியிருப்பது எவ்வளவு என்று தெரியாதபோது நிரந்தர அளவு பலிக்காது. இலங்கையில் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவிய முறை இரட்டிப்பு. முதலில் 1.8 முதல் 3 மி.கி., அதாவது 3 முதல் 5 ஆம்பியூல், சிரை வழியாக (ஐவி). குழந்தைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தேறவில்லையா, இரண்டு மடங்கு. மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி இரண்டு மடங்கு. 3, 6, 12, 24 என்று போனால் கால்மணி நேரத்தில் 45 ஆம்பியூல், 27 மி.கி. கேட்கப் பயமாக இருக்கும். முதல்முறை பார்க்கிற ஹவுஸ் சர்ஜன் மூன்றாவது இரட்டிப்பில் கையை இழுத்துக்கொள்வார். ஆனால் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் மருந்து முழுதாகப் பிடிக்கச் சராசரி 152 நிமிடமும் இரட்டிப்பில் 24 நிமிடமும் ஆனது. இறப்பு 22.5 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது.

நடைமுறைச் சிக்கல் ஆம்பியூல் உடைப்பது. 24 ஆம்பியூலை ஒருவர் உடைத்து இழுப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும், விரலும் கிழியும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் காஸ் துணி வைத்து உடைத்து வரிசையாக நிறுத்த, மற்றவர் 20 மி.லி. சிரிஞ்சில் இழுக்க. 10 மி.லி. குப்பி இருந்தால் அதையே கேளுங்கள். உடைத்த ஆம்பியூல்களை வீசிவிடாமல் ஒரு தட்டில் போட்டுவையுங்கள். மொத்தம் எவ்வளவு போனது என்ற கணக்கு பிறகு தேவைப்படும், பரபரப்பில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

எங்கே நிறுத்துவது? மார்பு தெளிந்திருக்கவேண்டும், நாடி 80க்கு மேல், மேல் பிபி 80க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்கவேண்டும், கண்மணி ஊசிமுனையாக இருக்கக்கூடாது. இவற்றில் மார்புதான் ராஜா. அக்குளில் கையுறையோடு தொட்டால் ஈரம் தெரியாது. ஒரு டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். கண்மணி கடைசியில்தான் விரியும், அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் அட்ரோபின் மிஞ்சிவிடும். நாடி ஏற்கெனவே 120 என்பதற்காக அட்ரோபினை நிறுத்தவும் கூடாது. மூச்சுத்திணறலில் ஏறிய நாடி அட்ரோபின் பிடித்து மூச்சு தெளிந்ததும் பல நேரம் இறங்கும். இன்னொரு பொறி: விசில் எல்லாம் போய், வலது கீழ் நுரையீரலில் மட்டும் கொறகொறப்பு நிற்கும். அது வாந்தி உள்ளே போனதால் வந்தது, அட்ரோபினால் காயாது. அதைக் காயவைக்க இரட்டித்துக்கொண்டே போனவர்கள் உண்டு.

பிடித்ததும், அதுவரை கொடுத்த மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கணக்கில் ஓட்டுங்கள். 27 மி.கி. போயிருந்தால் மணிக்கு 2.7 மி.கி.யில் தொடங்கலாம். தட்டில் போட்டுவைத்த ஆம்பியூல்களை எண்ணுவது இதற்குத்தான். இரவு பன்னிரண்டுக்கு வைத்த இன்ஃப்யூஷன் காலை ரவுண்ட்ஸ் வரை கேட்பாரற்று ஓடுவதுதான் அடுத்த ஆபத்து. வாய் காய்ந்து, உடம்பு கொதித்து, குடல் சத்தமே இல்லாமல், படுக்கை விரிப்பைப் பிய்த்து, காற்றில் இல்லாத நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அது ஊமத்தங்காய் தின்றவரின் கோலம். இரண்டிலும் வேலை செய்வது ஒரே குடும்ப மருந்துதான். காய்ச்சல் என்று ஆன்டிபயாட்டிக்கும், கத்துகிறார் என்று கட்டிப்போடுவதும் இங்கே தவறு. சொட்டை நிறுத்துங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்து, தெளிந்ததும் முன்பு ஓடியதில் 70–80 சதவீதத்தில் மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றிலும் ஒரு நிமிடம் வைத்தால், குடல் அடங்குவது குழப்பம் தொடங்குமுன்பே காதில் விழும்.

அட்ரோபின் தொடாத ஒரு இடம் உண்டு: தசை. அங்கே அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்வது நிக்கோட்டினிக் என்கிற வேறு வகை ஏற்பி. மார்பு தெளிந்து, ஆள் பேசி, இட்லி கேட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று மூச்சு நிற்பது இதனால்தான். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். முன்னறிவிப்பு கழுத்தில் இருக்கிறது. தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கையை நன்றாகப் பிடிப்பவரால் தலையைத் தூக்க முடியாவிட்டால் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு அப்போதே அனுப்புங்கள், மூச்சு திணறும்வரை காத்திருக்காதீர்கள். மூச்சுக்குக் குழாய் போடும்போது, தசையைத் தளர்த்துவதற்குச் சக்ஸமெத்தோனியம் வேண்டாம். அதை உடைக்கிற நொதியும் முடங்கியிருப்பதால் தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும், ரோக்குரோனியம் தேவலை. ஃபென்தியான்போலக் கொழுப்பில் கரைகிற ஓபி மருந்துகள் நாள் கழித்துத் திரும்ப வெளியே வந்து எச்சிலையும் சளியையும் மறுபடி கிளப்பும், அதனால் இரண்டாம் நாளே டிஸ்சார்ஜ் எழுதாதீர்கள்.

நொதியை மீட்கிற பிராலிடாக்சிம் பற்றிக் கருத்து இன்னும் ஒன்றுசேரவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு தொடர்ச்சியாக அதிக அளவில் ஓட்டினால் பயன் என்றது, 2009இல் வெளியான இலங்கை ஆய்வு பயன் இல்லை என்றது. அதைத் தேடி ஓடுவதற்காக அட்ரோபினை ஐந்து நிமிடம் தாமதிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

உடைகள் விஷயம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் தப்புகிறது. நனைந்த சட்டை, லுங்கி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, சோப்பு போட்டுத் தலைமுடி, நகக்கண், தொப்புள் வரை கழுவுங்கள். கையுறை இல்லாமல் வேண்டாம். கழற்றிய துணியைக் கறுப்புப் பையில் போட்டு உறவினர் கையில் கொடுத்தால், மறுநாள் அதை வீட்டில் ஒருவர் வெறுங்கையால் துவைப்பார். மஞ்சள் பையில் கட்டி மருத்துவக் கழிவோடு அனுப்புங்கள். தோல் செருப்பும் பெல்ட்டும் கழுவினால் போகாது, உள்ளே இழுத்துவைத்திருக்கும். செருப்பு புதுசு என்று கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.